வாசலில் குவிந்த தலையணைகள்

பிப்ரவரி 9

என் வாலு தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. வந்தது என்ன, நானேதான் மூட்டையிலிருந்து எடுத்தேன். வெளிநாட்டுத் தபால் பிரிவில் வேலை பார்ப்பதில் இருக்கிற ஒரே சுகம் அதுதான். எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளக் கூடாது என்று சட்டம். அதனால் உறையை ஒரு தடவு தடவிவிட்டு எங்கள் தெருவுக்கான பெட்டியில் போட்டேன். மறுநாள் தபால்காரர் வாசலில் நீட்டியபோது, ஒன்றும் தெரியாதவள் போல "அட, தம்பி லெட்டரா" என்றேன். உன் மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

போனில் பேசினால் போதாதா என்று உன் மனைவி கேட்கிறாளாம். போனில் நீ பேசுவது "ம், சொல்லு, அப்புறம்" மட்டும்தான். அதற்கு நான் சுவரோடு பேசலாம். மேலும் எல்லோரும் போனிலேயே பேசிக்கொண்டால் உன் அக்காவுக்கு யார் சம்பளம் கொடுப்பது?

வேலை எப்படி என்று கேட்டிருந்தாய். ராஜ வாழ்க்கை. மூட்டைகளை இழுத்து வரும் பட்டை வாரத்தில் பாதி நாள் நின்றுவிடுகிறது. நின்றதும் நாங்கள் வெளிநாட்டு மூட்டைகளை வரிசையாகப் போட்டு மெத்தையாக்கிப் படுத்துவிடுவோம். உங்கள் நாட்டு மூட்டைதான் இருப்பதிலேயே மெத்தென்று இருக்கும், எல்லாம் துணிப் பார்சல். அதற்கு எங்களுக்குள் அடிதடி. நேற்று நான் பிடித்துவிட்டேன். ஆனால் உன் கடைப் பார்சல் உள்ளே இருந்தது போல, இடுப்பில் குத்தியது. தையல் மெஷினுக்கு உதிரிப் பாகம் விற்கிறவன் கொஞ்சம் பஞ்சு சுற்றி அனுப்பினால் குறைந்தா போய்விடுவாய்?

அந்தப் பட்டையைப் பழுது பார்க்க ஆளே வருவதில்லை. அது ஓடாத நாளில் மூட்டைகளைத் தோளில் தூக்கி, இரண்டு ஷிப்டும் சேர்ந்தாற்போல் நின்று, அதற்கப்புறம்தான் இந்தக் கொஞ்ச நேரப் படுக்கை. போன வாரம் எங்கள் மேஜைப் பெண் ஒருத்தியின் விரல் பட்டையில் மாட்டி நசுங்கிவிட்டது. அதிலிருந்து வேலைநிறுத்தம் என்று சங்கத்தில் பேச்சு அடிபடுகிறது. பார்ப்போம்.

வேளைக்குச் சாப்பிடு. கடையே கதி என்று கிடக்காதே.

உன் அக்கா

*

பிப்ரவரி 22

மூட்டைமேல் தூங்கும் என் அக்காவுக்கு,

உன் மெத்தைக் கதையைச் சத்தமாக வாசித்தேன். என் மனைவிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. கடைக்கு வருகிறவர்களிடமும் சொல்லிச் சிரித்தேன்.

ஆனால் வேலைநிறுத்தம் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. என் பார்சலில் பாதிக்கு மேல் உன் நாட்டுக்குத்தான் வருகிறது. பழைய தையல் மெஷினை விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கும் தையல்காரர்கள் எல்லோரும் அந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள். ஒவ்வொருவராகப் பேசிப் பேசிச் சேர்த்த வாடிக்கை. உள்ளூரில் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறேன். என் கடையை இழுத்து மூடும் வேலையை நீயே செய்துவிடாதே, தாயே.

உன் வாலு

*

மார்ச் 6

என் வாலுவுக்கு,

ஆரம்பித்துவிட்டோம். உள்ளே ஒரு மூட்டைகூட நகரவில்லை. நாங்கள் வாசலில் கூடாரம் போட்டு உட்கார்ந்திருக்கிறோம்.

இதை உன்னிடம் கொண்டு வருவது உன் மாமாவின் சிநேகிதர், எல்லை தாண்டி டைல்ஸ் ஏற்றிவரும் லாரிக்கார அண்ணன். நீயும் அவரிடமே கொடுத்தனுப்பு. தபாலை நிறுத்திவிட்டு நானே வேறு வழியில் கடிதம் அனுப்பினால், அப்புறம் நான்தானே கருங்காலி? மனசு உறுத்தியது. பக்கத்து மேஜைக்காரரிடம் கேட்டேன். அவரை நாங்கள் சாமியார் என்போம். பேசவே மாட்டார். பேசினால் ஒரு வாக்கியம், அதற்கு அரை நாள் யோசிப்பார். அவர் யோசித்துவிட்டு, "ஸ்டாம்ப் ஒட்டலைன்னா அது தபால் இல்லம்மா, சீட்டு. அனுப்புங்க" என்றார். தீர்ப்பு கிடைத்ததும்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஊர் எங்கள் பக்கம், அதை நீ பார்க்க வேண்டும். எதிர்க் கடைக்காரர் டீ அனுப்புகிறார், காசு வாங்க மாட்டேன் என்கிறார். போகிற பஸ்ஸெல்லாம் ஹாரன் அடித்துவிட்டுப் போகிறது. விரல் நசுங்கிய பெண்ணிடம் முன்பின் தெரியாதவர்கள் வந்து விசாரிக்கிறார்கள். நான் இப்படி ஒரு சந்தோஷத்தை வேலையில் பார்த்ததே இல்லை.

உன் கடைக்குக் கொஞ்ச நாள் கஷ்டம்தான். எனக்காகப் பொறுத்துக்கொள்.

உன் அக்கா

*

மார்ச் 19

அக்காவுக்கு,

பொறுத்துக்கொள் என்று எழுத உனக்குச் சுலபம்.

உன் நாட்டுக்கு எதையும் வாங்குவதில்லை என்று இங்கே தபால் நிலையத்தில் பலகை வைத்துவிட்டார்கள். முன்பே அனுப்பியதெல்லாம் சுவரில் அடித்த பந்து மாதிரி திரும்பி வருகிறது. கடைக்குள் நடக்க வழியில்லை. தையல்காரர் ஒருவர் போனில் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். என் மெஷின் நின்னு போச்சு, நீ திருடனா, கடைக்காரனா என்றார். போனை வைத்துவிட்டேன். என் மனைவி தன் அண்ணன் கடையில் கணக்கு எழுதப் போகிறாள். அதை அவள் சொன்ன அன்று நான் சாப்பிடவில்லை.

உங்கள் சண்டை உங்கள் மேலதிகாரியோடு. நடுவில் என் கழுத்து எதற்கு? இங்கே பஸ்ஸிலும் கடையிலும் உங்களைத்தான் திட்டுகிறார்கள். என் அக்காவும் அதில் ஒருத்தி என்று எனக்குச் சொல்ல வாய் வரவில்லை.

கோபம்தான். மறைக்கவில்லை.

தம்பி

*

ஏப்ரல் 4

வாலுவுக்கு,

உன் கோபம் நியாயம். அதற்குப் பதில் எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இங்கே நடந்ததைச் சொல்லாமல் வேறு எதுவும் எழுத வரவில்லை.

ஊர் கொஞ்சம் கொஞ்சமாகச் சலித்துப்போனது உண்மை. வெளிநாட்டுக் கல்லூரியிலிருந்து கடிதம் வரவேண்டிய பெண்ணின் அப்பா ஒருநாள் வந்து, எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். ஹாரன் சத்தம் குறைந்தது. அதுவரைக்கும் தாங்கிக்கொண்டோம்.

போன வாரம் நிர்வாகம் ஒரு துண்டறிக்கை அச்சடித்து வீட்டுக்கு வீடு போட்டது. உள்ளே வேலை செய்யும் ஒருவரே சொன்னதாம்: பட்டை நின்றால் வெளிநாட்டு மூட்டைகளை மெத்தையாகப் போட்டுத் தூங்குவோம், மெத்தென்ற மூட்டைக்கு அடித்துக்கொள்வோம் என்று. மறுநாள் காலை ஒரு பெரியவர் கூடாரத்துக்கு முன் வந்து, பழைய தலையணை ஒன்றை எங்கள்மேல் எறிந்தார். "நல்லா தூங்குங்க" என்றார். அப்புறம் ஆளாளுக்குக் கொண்டு வந்தார்கள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் எறிந்தாள். டீக்கடைக்காரரும் எறிந்தார், தம்பி. சாயங்காலம் வாசலில் தலையணைகள் எங்கள் மார்பு உயரத்துக்குக் குவிந்து கிடந்தன.

யார் சொல்லியிருப்பார்கள் என்று எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சாமியார் அதற்கு முந்தின வாரம் மேற்பார்வையாளரோடு பேசியதை யாரோ பார்த்திருக்கிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து, "எங்க சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியே, பாவி" என்று கத்தினேன். "நான் இல்லம்மா" என்றார். ஒரே வாக்கியம். வழக்கம்போல யோசிக்கக்கூட இல்லை, உடனே சொன்னார். அதையே நான் குற்றமாக எடுத்துக்கொண்டேன். அவரைக் கூடாரத்தை விட்டு வெளியே போகச் சொன்னோம். அன்றைக்கே அவர் வீட்டுக் கதவில் யாரோ கருங்காலி என்று பெயிண்டால் எழுதிவிட்டார்கள். எழுதினது தப்பில்லை என்றுதான் தோன்றுகிறது.

லாரிக்கார அண்ணன் வந்ததும் இதைக் கொடுத்துவிடுவேன்.

உன் அக்கா

*

ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் ஒன்றும் வரவில்லை. லாரி நாளைக்குக் கிளம்புகிறதாம், அதனால் நானே முந்திக்கொள்கிறேன். போன கடிதத்தில் சூடாக எழுதிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே.

ஒரு சேதி. அந்தக் கடிதம் அனுப்பிய மூன்றாம் நாளே உன் தம்பி பத்திரிகையில் வந்துவிட்டான்! உங்கள் வேலைநிறுத்தத்தால் எங்களைப் போன்ற சின்னக் கடைக்காரர்கள் படும் பாட்டை வாசகர் பகுதிக்கு எழுதினேன். வெறும் புலம்பலாக இருந்தால் யார் படிப்பார்கள் என்று உன் மெத்தைக் கதையையும் சேர்த்தேன். ஆசிரியரே போன் செய்து, அந்த இடம் பிரமாதம் என்றார். தலைப்பே அதிலிருந்துதான். உன் பெயரையோ, உறவையோ சொல்லவில்லை, பயப்படாதே. அங்கே வேலை செய்யும் ஒருவர் என்று மட்டும் போட்டேன். எத்தனை பேர் கூப்பிட்டுப் பாராட்டினார்கள் தெரியுமா? ரொம்ப நாளைக்கப்புறம் நான் மனுஷனாக உணர்ந்தேன்.

கத்தரித்து இதோடு வைத்திருக்கிறேன். உன் வார்த்தையை அச்சில் பார், எவ்வளவு அழகாக இருக்கிறது.

உன் வாலு

*

ஏப்ரல் 21

தம்பி,

லாரிக்கார அண்ணன் உன் உறையைக் கூடாரத்திலேயே கொண்டுவந்து கொடுத்தார். தம்பி கடிதம் என்று பெருமையாக எல்லோர் நடுவிலும் உட்கார்ந்து பிரித்தேன்.

கத்தரித்த தாளில் கண் போனது. முதலில் புரியவில்லை. துண்டறிக்கையில் இருந்ததே இங்கேயும் இருக்கிறதே, இதை எப்படித் தம்பிக்கு அந்தச் சாமியார் சொன்னார் என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். அப்புறம் "இடுப்பில் குத்தியது" என்ற வார்த்தையைப் படித்தேன். அந்த மூட்டை குத்தியது என் இடுப்பில். உன் பத்திரிகையைப் பார்த்துத்தான் நிர்வாகம் துண்டறிக்கை அடித்திருக்கிறது. பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தேன். விரல் நசுங்கிய பெண் என்னை உலுக்கி, "என்னக்கா, ஊர்ல யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா?" என்று கேட்டாள்.

எழுந்து நின்று சொன்னேன். "அந்த நோட்டீஸ்ல இருக்கிறது என் வார்த்தை. என் தம்பிக்கு நான் எழுதினது." அவள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். பிறகு நிறுத்திக்கொண்டாள். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சாமியார் வீட்டுக்குப் போனேன். கதவிலிருந்த எழுத்தைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார். பாதிதான் போயிருந்தது. மேற்பார்வையாளரிடம் அவர் பேசியது, அந்தப் பெண்ணின் விரலுக்கு வைத்தியச் செலவு கேட்கத்தானாம், அவர் மனைவி சொன்னார். நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் சுரண்டுவதை நிறுத்தவில்லை. ரொம்ப நேரம் கழித்துக் கேட்டார்: "அத்தனை பேர் இருந்தாங்க. ஏம்மா என்னைப் பார்த்தீங்க?"

அந்தக் கேள்வியோடுதான் வீட்டுக்கு வந்தேன், தம்பி.

நேற்று வேலைநிறுத்தம் முடிந்தது. ஊர் முழுக்க எதிராகத் திரும்பிய பிறகு தலைவர்களால் என்ன செய்ய முடியும்? பட்டை அப்படியே இருக்கிறது. சாமியார் வேலையை விட்டுவிட்டார்.

அந்தக் கதையின் மற்றப் பாதியையும் உனக்குத்தான் எழுதியிருந்தேன். தோளில் தூக்குவதை, இரண்டு ஷிப்டு நிற்பதை, அந்த விரலை. அதெல்லாம் உனக்கு அழகாக இல்லையா? நான் உனக்கு வாய்க்கு வந்தபடி எழுதியது ஊருக்காக இல்லை. உலகத்தில் ஒரு ஆளிடமாவது யோசிக்காமல் பேசலாம் என்று இருந்தேன்.

அக்கா

*

மே 12

என் அக்காவுக்கு,

இதைத் தபாலில் போடுகிறேன். உன் கைக்குத்தான் வரும் என்று தெரியும்.

எத்தனை தடவை போன் செய்தாலும் மாமாதான் எடுக்கிறார். அக்கா தூங்குகிறாள், வேலைக்குப் போயிருக்கிறாள் என்கிறார். அவருக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை.

உன் இரண்டு கடிதத்தையும் சேர்த்துப் படித்துவிட்டுக் கடையைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். நான் எழுதிய நாலு வரி எல்லை தாண்டி வந்து ஒரு மனுஷன் கதவில் பெயிண்டாகும் என்று நான் கண்டேனா? இப்படிக் கேட்டால் தப்பிக்கப் பார்க்கிறேன் என்று நீ நினைப்பாய். அதனால் உள்ளதைச் சொல்கிறேன். மற்றப் பாதியைப் பத்திரிகைக்காரர் வெட்டவில்லை. நான்தான் எழுதவில்லை. அதையும் எழுதியிருந்தால் உங்கள்மேல் கோபப்பட எனக்கு வழியில்லாமல் போயிருக்கும். அன்றைக்கு எனக்குக் கோபம் வேண்டியிருந்தது.

முழுக் கதையையும் எழுதிப் பத்திரிகை அலுவலகத்துக்கு நேரிலேயே போனேன். வேலைநிறுத்தம்தான் முடிந்துவிட்டதே, இனி யார் படிப்பார்கள் என்றார்கள். சாமியாரின் விலாசம் கொடு, நான் வந்து அவர் காலில் விழுகிறேன். உன் காலிலும் விழுகிறேன். பார்சலெல்லாம் மறுபடி போக ஆரம்பித்துவிட்டது, தையல்காரர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். எனக்குக் கடைக்குள் போகவே பிடிக்கவில்லை.

திட்டு அக்கா. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் எழுது. ஒரு வரியாவது எழுது.

உன் வாலு

*

மே 30

அன்புள்ள தம்பி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. மகிழ்ச்சி.

நானும் என் கணவரும் நலம். தாங்களும் தங்கள் மனைவியும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கே வெயில் சற்று அதிகம். மாலையில் காற்று வருகிறது.

வேலை வழக்கம்போல் நடக்கிறது. வெளிநாட்டுத் தபால்கள் இப்போது தாமதமின்றி அனுப்பப்படுகின்றன. தங்கள் பார்சல்களும் உரிய நேரத்தில் போய்ச் சேரும்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. இந்தக் கடிதத்தை யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம்.

இப்படிக்கு,
தங்கள் சகோதரி