விளக்கு வைத்த வேளையில் வந்த கணக்கெடுப்பு

உ

கோவில்பட்டி பக்கம்
18-8-2003

அன்பு மகள் பிரேமலதாவுக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், கருப்பி ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது, மூன்றும் சுகம். டெல்லியில் நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நல்லபடியாக இருக்க செண்பகவல்லி அம்மன் துணை இருப்பாள். மழை இந்த வருஷமும் நம்மைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு விளாத்திகுளம் பக்கம் போய்விட்டது, மிளகாய் போடுவதா வேண்டாமா என்று அப்பா தினமும் கரிசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அண்ணன் இசக்கிராஜா புதியம்புத்தூரில் தையல் வேலைதான், தீபாவளிச் சட்டை ஆர்டர் வந்துவிட்டதாம், ஞாயிற்றுக்கிழமை கூட வருவதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்தச் சுதந்திர தினத்தன்று உன் அம்மா கிராம சபையில் எழுந்து நின்று பேசினாள், சிரிக்காதே. எல்லாம் நம் பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாள் அத்தைக்காக. மாடக்கண்ணு மாமா இறந்துபோனதிலிருந்து அவள் ஒற்றை ஆளாகத் தீப்பெட்டி ஆபீசிலிருந்து அட்டை வாங்கிவந்து காலிப் பெட்டி ஒட்டித்தான் காலம் தள்ளுகிறாள். ரொம்பவும் இல்லாதவர்களுக்கு மாதம் முப்பத்தைந்து கிலோ அரிசிக்குத் தனி கார்டு கொடுக்கிறார்கள் அல்லவா, அதற்குப் பங்குனியில் வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். எடுக்க வந்த ஆள் நம் தெருவுக்கு வந்தது வெள்ளிக்கிழமை, சரியாக விளக்கு வைத்த நேரம். அத்தை வாசலில் நின்றிருந்தாள், வீட்டில் அரிசி இருக்கா என்று அவர் கேட்டதும் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். நான்தான் முந்திரிக்கொட்டை மாதிரி இங்கிருந்தபடியே, ஏட்டி பாண்டி, விளக்கு வச்ச வீட்டுல இல்லைன்னு சொல்லிராதட்டி, லச்சுமி போயிருவா என்று கத்தினேன். அவ்வளவுதான், அவள் எல்லாவற்றுக்கும் இருக்கு என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அரிசி இருக்கு. நிலம் இருக்கு, அது மாமா காலத்திலேயே விற்றுப்போன நிலம். ஆடு இருக்கு, அது அவள் வீட்டு முளையில் கட்டிக்கிடந்த நம் கருப்பி! அந்த மனிதரும் தலை நிமிராமல் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

ஆடியில் பஞ்சாயத்து ஆபீசில் பட்டியல் ஒட்டினார்கள். அத்தை பெயர் இல்லை. டிராக்டர் வைத்திருக்கிற ஆறுமுகசாமி பெயர் ஜம்மென்று இருக்கிறது, அவருக்கு இல்லை என்று சொல்ல வாய் கூசவில்லை போலிருக்கிறது, விளக்கு வைத்தாலும் வைக்காவிட்டாலும். அத்தை ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. விடு மதினி, நம்ம தலையில எழுதுனது அம்புட்டுதான் என்றாள். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அதனால்தான் கிராம சபைக்குப் போனேன். எழுந்து, தப்பு அவ மேல இல்ல, எம் மேல, நான்தான் இல்லைன்னு சொல்லவிடல என்று நடந்ததையெல்லாம் சொல்லி, டிராக்டர் வச்சிருக்கவரு பேரு மட்டும் எப்படி வந்துச்சு என்றும் கேட்டேன். கூட்டமே சிரித்தது, உன் அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். யூனியன் ஆபீசிலிருந்து வந்திருந்த அதிகாரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. விளாத்திகுளத்துப் பக்கத்துப் பிள்ளையாம், எங்க வீட்டுலயும் அப்படித்தான் என்றது. ஆறுமுகசாமி பெயரை ஊர் முன்னாலேயே அடித்துவிட்டு, சாயங்காலம் அந்த வீட்டை நானே வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டது.

சாயங்காலம் என்றால், அன்றைக்கும் வெள்ளிக்கிழமை! விளக்கு வைத்துவிட்டால் அத்தை மறுபடியும் எல்லாம் இருக்கு என்றுதான் சொல்வாள். பொழுது இறங்க இறங்க அத்தை விளக்கைத் துடைத்துத் திரி போட்டுவிட்டாள். அந்த அதிகாரியம்மாவைக் காணோம். நான் மெதுவாக அவள் வீட்டுக்குள் போய் அடுப்பங்கரையில் இருந்த தீப்பெட்டியை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டு வந்துவிட்டேன். தீப்பெட்டி ஒட்டுகிறவள், சுற்றிலும் மலைபோலக் காலிப் பெட்டி, நடுவில் ஒரு குச்சிக்குத் தடவிக்கொண்டு திரிகிறாள்! என்னிடமே வந்து, மதினி ஒரு குச்சி குடு, நேரமாகுது என்றாள். எங்க வீட்டுலயும் தீந்துபோச்சு என்றேன் கூசாமல். நம் வீட்டு விளக்கையும் ஏற்றவில்லை, அம்மன் மன்னிக்கட்டும்.

நல்லவேளை, இருட்டுமுன் அந்த அம்மா ஸ்கூட்டரில் வந்து இறங்கியது. அதே கேள்வியைக் கேட்டது, அரிசி இருக்கா பெரியம்மா என்று. விளக்கு ஏற்றவில்லை, இருந்தும் அத்தைக்கு வாய் வரவில்லை, என் முகத்தையே பார்க்கிறாள். அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், நான் உள்ள வரலாமா என்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் அரிசிப் பானையின் மூடியைத் தூக்கியது. அடியில் ஒரு கைப்பிடி நொய். பக்கத்துச் சட்டியில் புளி. அவ்வளவுதான் பிரேமா, வேறொன்றும் இல்லை. இருபது வருஷமாக ஒரே சுவர், இந்தப் பக்கம் நான் மீன் குழம்பு வைத்திருக்கிறேன், அந்தப் பக்கம் அவள் ஒரு வேளைக் கஞ்சியோடு படுத்திருக்கிறாள், எனக்குத் தெரியவில்லையே. அங்கேயே அழுதுவிட்டேன். அந்த அம்மா எழுதி முடித்துக் கைநாட்டு வாங்கிக்கொண்டு, இனி விளக்கப் பொருத்துங்க பெரியம்மா என்றது. நான் இடுப்பிலிருந்து தீப்பெட்டியை எடுத்து நீட்டினேன். அடிப்பாவி மதினி, நீதானா என்று அவள் என் முதுகில் போட்டாளே ஒரு போடு, இன்னும் வலிக்கிறது. மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் விளக்கு இரண்டு தடவை அணைந்தது. புரட்டாசியிலிருந்து அரிசி வந்துவிடுமாம். அதுவரைக்கும் ராத்திரிச் சாப்பாடு நம் வீட்டில்தான், வரமாட்டேன் என்றாள், முதுகில் அடித்ததற்குத் தண்டனை என்று சொல்லி இழுத்துக்கொண்டு வருகிறேன்.

நீயும் சர்க்கார் ஆபீசுக்காகக் கணக்கெடுக்கப் போகிறவள், அதனால் சொல்கிறேன். அரிசி கொடுப்பது மட்டும் அரசாங்கத்தின் வேலை இல்லை, யாருக்கு இல்லை என்று தேடிப் போய்த் தெரிந்துகொள்வதும் அதன் வேலைதான். கேட்கிறவனுக்குத்தான் என்றால் வாயுள்ள ஆறுமுகசாமிகளுக்கே எல்லாம் போய்ச்சேரும். ஒரு வீட்டில் இருக்கு என்றால் உடனே எழுதிவிடாதே, கொஞ்சம் நின்று பார். இதைப் படித்துக் காட்டியதும் உன் அப்பா, உங்கம்மா கலெக்டராகிட்டா என்கிறார், என்னவும் சொல்லட்டும்.

எண்ணெய் தேய்த்துக் குளி, வெயிலில் அலையாதே. அம்மன் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாள். இன்னொன்று, மறந்துவிடாதே. நீ வாரா வாரம் வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகுதான் நம் ஊர்க் கடைப் போனுக்குக் கூப்பிடுகிறாய். சாப்பாடு இருக்கா என்று நான் கேட்டால் இருக்கு, பேச்சுத்துணைக்கு ஆள் இருக்கா என்றால் இருக்கு, எல்லாம் இருக்கு இருக்கு என்கிறாய். நான் வளர்த்த பிள்ளைதானே நீ. இனிமேல் ஞாயிற்றுக்கிழமை காலையில் பண்ணு.

இப்படிக்கு
உன் அம்மா
பூ. இசக்கியம்மாள்