ஹாரன் சத்தமும் நம்ம நாயும்

பையனைக் காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். சாப்பாடு மூடி வச்சிருக்கேன், வந்ததும் சாப்பிடு.

அவனுக்குக் காது கேக்கலையோன்னு நீ சொன்னப்பெல்லாம், "என் வேன் ஹாரன் கேட்டா வாசலுக்கு ஓடி வர்றானே"ன்னு உன் வாயை அடைச்சேன். நேத்து உன் அண்ணன் முன்னாடி, "இவ பெரிய டாக்டரு"ன்னு நக்கல் வேற.

இன்னிக்கு நாயைக் குளிப்பாட்டிப் பின்னாடி கட்டியிருந்தேன். வேனைக் கழுவிட்டு ஹாரன் அடிச்சேன். வாசல்ல முதுகைக் காட்டி விளையாடிட்டிருந்தவன் திரும்பவே இல்ல. திரும்பத் திரும்ப அடிச்சேன். ம்ஹூம். இத்தனை நாளும் நாய் ஓடுறதைப் பாத்துத்தான் அவனும் ஓடி வந்திருக்கான்.

பின்கதவுச் சாவி ஆணியில இருக்கு. நாயை அவிழ்த்து விட்டுடு, பாவம்.

இன்னொண்ணு. ராத்திரி என்னை நல்லாத் திட்டு, வாங்கிக்கறேன். அவன் எதிர்ல மட்டும் சிரிச்சுக்கிட்டே திட்டு. அவன் நம்ம முகத்தைத்தான் கேக்கறான்.