பிரேக்கில் புகுந்த காற்று

12 ஜூன் 2025, வியாழன்

எழுந்ததும் பால்கூட வைக்கவில்லை. நேராக வாசல் நடைக்குப் போய் மகிமாவின் சைக்கிள் பிரேக்கை அழுத்திப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. நன்றாகப் பிடிக்கிறது.

நேற்றுதான் அவள் கைக்கட்டைப் பிரித்தார்கள். மணிக்கட்டு மெலிந்து, யாருடையதோ போல இருந்தது. மே 5 காலை டைப்பிங் கிளாசுக்குப் போகும்போது, துறைமுகத்துக்குள் போக வரிசையில் நின்ற டிரெய்லர் லாரி ஒன்றின் பின்னால் போய் மோதினாள். "பிரேக்கு புடிக்கலம்மா." ஆஸ்பத்திரியிலும் அதையேதான் சொன்னாள். மறுநாள் மெக்கானிக் பார்த்துவிட்டு, ஒரு குறையும் இல்லை என்றார். "போனப் பாத்துக்கிட்டே போயிருக்கா. இப்பப் பொய் சொல்லுதா." என்று அவள் அப்பா அதோடு முடித்துவிட்டார். போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

நான் திட்டவில்லை. "உண்மையச் சொல்லிடு, அம்மா கோவிச்சுக்க மாட்டேன்" என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இப்போது பாளையங்கோட்டையில் ஹாஸ்டலோடு ஒரு கல்லூரி வேண்டும் என்கிறாள். 23ஆம் தேதிக்குள் படிவம் போய்ச் சேர வேண்டும். காரணம் கேட்டால், "இந்த வூட்ல நான் இன்னா சொன்னாலும் பொய்தானே."

14 ஜூன், சனி

கடல் காற்றில் சக்கரக் கம்பியெல்லாம் துரு. துடைப்பதற்காக சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். பாதியில் விட்டுவிட்டு மீன் வாங்கப் போனேன். வந்து, ஆய்ந்து, குழம்பு வைத்து, மதியம்தான் நிமிர்த்தினேன்.

பிரேக்கைப் பிடித்தால் எதுவுமே இல்லை. லீவர் அப்படியே கைப்பிடியில் வந்து ஒட்டியது. திரும்பத் திரும்ப அழுத்தினேன். ஏழாவது எட்டாவது முறை கொஞ்சம் இறுகியது. அப்புறம் பழையபடி கல்.

என்ன பிரேக் இது? காலையில் நன்றாகப் பிடித்து, மதியம் காணாமல் போய், ஐந்து நிமிஷத்தில் தானே திரும்பி வருகிறது?

மெக்கானிக் பார்த்தது மறுநாள்.

15 ஜூன்

பிரசங்கத்தில் மனசே இல்லை. லீவரையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

16 ஜூன், திங்கள்

ஆபீஸ் விட்டு தண்டையார்பேட்டையில் இறங்கினேன். அங்கே ஸ்பேர்ஸ் கடை வைத்திருக்கும் அத்தாவுல்லா பாய் பாதி கேட்கும்போதே சொல்லிவிட்டார். "காத்து பூந்துகினு கீதும்மா. பிரேக் ஆயில் உட்டு காத்த வெளிய தள்ளு." ஒரு பாட்டிலை எடுத்து வைத்தார். சைக்கிளுக்கு இதுவா என்று இழுத்தேன். "லாரிக்கே இத்தான். உன் சைக்கிளு இன்னா ஏரோப்ளேனா?"

பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். இந்த சைக்கிளில் பிரேக் ஒயர் கிடையாது. விரல் அழுத்துவதைக் குழாய்க்குள் இருக்கும் திரவம்தான் சக்கரம் வரை கொண்டுபோகிறது. திரவம் நசுங்காது. காற்று நசுங்கும். நிமிர்ந்து நிற்கும்போது காற்று லீவரின் மேல் அறையில் சும்மா உட்கார்ந்திருக்கும். கவிழ்த்தால் குழாய்க்குள் ஏறிவிடும். அதன்பின் விரல் காற்றைத்தான் அமுக்கும். பி.எஸ்ஸி. படித்து இருபத்து மூன்று வருஷம் கழித்து இது எனக்குப் புரிகிறது.

17 ஜூன்

லீவரில் எறும்பளவு எழுத்து. போனில் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் படித்தேன். மினரல் ஆயில் மட்டும்.

ஒரு டம்ளர் தண்ணீரில் பாய் தந்ததை நாலு சொட்டு விட்டேன். எண்ணெய் என்றால் மிதக்க வேண்டும். கலக்கியதும் தண்ணீரோடு தண்ணீராகக் கரைந்துபோனது. ஆக, இது எண்ணெயே இல்லை. ஊற்றியிருந்தால் உள்ளே இருக்கும் ரப்பரெல்லாம் ஊதிக் கெட்டிருக்கும்.

பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். பாய் கோபிக்கவில்லை. "ஆயிலுன்னு பேரு வச்சா ஆயிலாயிடுமா? அத்தாவுல்லான்னா அல்லா குட்த்த பரிசு. எங்கூட்டுக்காரியக் கேட்டுப் பாரு, இன்னா பரிசுன்னு சொல்லுவா." பாரிமுனையில் ஒரு கடை பெயரை எழுதிக் கொடுத்தார். அங்கே சரியான எண்ணெய் கிடைத்தது.

19 ஜூன், வியாழன்

அரைநாள் லீவு. மெடிக்கலில் இரண்டு சிரிஞ்சும் ஒரு டிரிப் செட்டும் வாங்கினேன். "வீட்ல யாருக்கு முடியல?" என்று கேட்டார்கள். சைக்கிளுக்கு என்றேன்.

எண்ணெய் படாமல் இருக்க பிரேக் கட்டைகளைக் கழற்றி வைத்தேன். அந்த இடைவெளி மூடிக்கொள்ளாமல் இருக்க ஐஸ் குச்சிகளைச் செருகினேன். டிரிப் குழாயை வெட்டி, எண்ணெய் நிரம்பிய சிரிஞ்சைக் கீழே சக்கரத்தருகில் மாட்டினேன். இன்னொன்று மேலே லீவரில். யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும்.

மகிமா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "ஊசி போட்டா அதுக்கு ஜொரம் வுட்ருமா?" கேலி செய்துகொண்டே வந்து, அந்த மெலிந்த கையாலேயே மேல் சிரிஞ்சைப் பிடித்தாள். கீழிருந்து மெதுவாகத் தள்ளினேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு கடுகு அளவில் ஒரு குமிழி. அதன் பின்னால் ஒரு பெரிய குமிழி. பிறகு வரிசையாக.

"அம்மா, இத்தினி காத்தா இருந்துச்சு?"

இன்னும் கொஞ்சம் தள்ளினேன். "இப்பவாச்சும் நம்புறியா" என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். முழு உரிமை இருக்கிறது அவளுக்கு.

கட்டைகளை மாட்டி, வேண்டுமென்றே கவிழ்த்து வைத்திருக்கிறேன். காலை வரை அப்படியே இருக்கட்டும்.

20 ஜூன்

நிமிர்த்திய உடனே அழுத்தினேன். கல்.

அப்படியானால் காற்றுதான் காரணம். அவள் சொன்னது நடந்திருக்கும். ஆனால் அன்றைக்கு சைக்கிள் எப்படித் தலைகீழாக இருந்தது? யார் கவிழ்த்திருப்பார்கள்?

21 ஜூன், சனி

மே 4 இங்கே வீட்டு ஜெபக்கூட்டம். நாத்தனார் தங்கபுஷ்பம் குடும்ப குரூப்பில் போட்ட படங்களைத் தேடி எடுத்தேன். மூன்றாவது படம். எல்லோரும் கண் மூடி ஜெபிக்கிறார்கள். பின்னால் நடையில் இரண்டு சக்கரமும் மேலே பார்த்தபடி சைக்கிள். ஒரு சக்கரத்தில் யாருடைய குடையோ தொங்குகிறது.

நான்தான். செருப்பு விட இடம் வேண்டும் என்று நான்தான் கவிழ்த்தேன். ராத்திரி முழுக்க அப்படியே கிடந்தது. காலையில் அவளுக்கு நேரமாகிறது என்று நிமிர்த்தி வாசலில் நிறுத்தியதும் நானே. கவிழ்த்தால் இப்படி ஆகும் என்று எனக்குத் தெரியாது. சரி, தெரியாது. ஆனால் "உண்மையச் சொல்லிடு" என்று அவளிடம் கேட்டேனே... அதை என்ன செய்வேன்? அவள் அப்பாவாவது நேராகப் பொய் என்றார். நான் மன்னிப்பதுபோல அல்லவா சொன்னேன்?

நாளை கோயிலில் இருந்து வந்ததும், சாப்பாட்டுக்கு முன்னால், அவர் எதிரிலேயே அவளிடம் சொல்லப்போகிறேன். படத்தையும் காட்டுவேன்.

சொன்னால் போகாமல் இருந்துவிடுவாளோ என்று எழுதும்போதே ஒரு ஆசை எட்டிப் பார்க்கிறது. அதற்காகச் சொன்னதாக ஆகிவிடக் கூடாது. அதனால் சற்று முன் அவள் மேஜையில் ஒரு புத்தகத்துக்குள் இருந்த ஹாஸ்டல் படிவத்தை எடுத்து, பெற்றோர் ஒப்பம் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு, அதே புத்தகத்துக்குள் திரும்ப வைத்துவிட்டேன். அவளுக்கும் அவள் அப்பாவுக்கும் இன்னும் தெரியாது.