காணிக்கைத் தட்டிலிருந்து வந்த ஒரு டாலர்

1956 ஜனவரி 24, செவ்வாய்

சமையலறைக் குழாய் மறுபடி உறைந்துவிட்டது. சரிசெய்கிறேன் என்று எழுந்த என் வீட்டுக்காரர் குன்னர், மணி ஐந்தரை ஆனதும் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார். ‘அதிர்ஷ்ட டாலர்’ தொடங்கிவிட்டதாம். பட் கார்வி என்கிற அந்த எண்ணெய்த் தலையன் சனி, ஞாயிறு தவிர தினமும் ஒரு நோட்டு எண்ணைப் படிப்பான். அந்த எண் அச்சிட்ட ஒரு டாலர் யார் பையில் இருக்கிறதோ, மறுநாள் நிகழ்ச்சிக்கு அதை எடுத்துக்கொண்டு போனால் பரிசு அவருக்கு. யாரும் வராவிட்டால் தொகை ஐம்பது டாலர் கூடும். இன்று நானூற்றைம்பது.

"தோரா, உன் பர்ஸ்ல ஒத்த டாலர் எத்தன இருக்கு?"

"ரெண்டு. அது முட்டைக்காரிக்கு."

"அவளுக்குச் சில்லறையா குடுத்துடேன்."

ஊரே இப்படித்தான் ஆகிவிட்டது. குழாயை நானே வெந்நீர்த் துணி சுற்றி இளக்கினேன்.

ஜனவரி 29, ஞாயிறு

ஆராதனை முடிந்து ஆல்மாவும் நானும் வழக்கம்போல சர்ச்சின் கீழ்த்தளச் சமையலறையில் காணிக்கை எண்ணினோம். பதினோரு வருடமாக இந்த வேலை எங்கள் இருவருடையது. தட்டைத் தூக்கவே முடியவில்லை, அவ்வளவும் சில்லறை. ஒற்றை டாலர் நோட்டைக் கைவிட ஒருவருக்கும் மனசு வரவில்லை, ஆண்டவருக்குக்கூட. ஆண்டவரிடம் டிவி இல்லை என்கிறாள் ஆல்மா.

தப்பித் தவறி வந்து விழும் சில ஒற்றை நோட்டுகளை நாங்கள்தான் மாற்றிக்கொள்கிறோம். ஐந்து டாலர் நோட்டைத் தட்டில் போட்டு ஐந்து ஒற்றை எடுப்போம். சர்ச்சுக்கு ஒரு காசு நஷ்டமில்லை. நேற்று முளைத்த பழக்கம்தான், ஆனால் அதற்குள் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. பேராசையைப் பற்றி முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்த போதகர் நைபெர்க், படியிறங்கி வந்து பத்து டாலரை நீட்டினார்.

"ஒத்தையா இருந்தா குடுங்களேன். வீட்ல சில்லறை இல்ல."

ஆல்மா முகத்தில் ஒன்றும் காட்டாமல் எண்ணிக் கொடுத்தாள். அவர் மேலே போய்க் கதவு சாத்தியதும் நாங்கள் சிரித்த சிரிப்பில் எனக்கு விலா வலித்துவிட்டது.

பிப்ரவரி 3, வெள்ளி

தொலைவில் ஸ்போக்கேன் நகரத்திலிருந்து ஆல்மாவின் தங்கை இங்கா போன் செய்திருக்கிறாள். அங்கே ஒரு ரொட்டிக் கடை விலைக்கு வருகிறதாம், கூட்டுச் சேர வா என்று கூப்பிடுகிறாள்.

"எண்ணூறு டாலர் போட்டா பாதிக் கடை எனக்காம். எட்டு டாலர்னு சொல்லியிருந்தா யோசிக்கலாம்" என்றாள் ஆல்மா.

கணவர் தவறிப்போய் ஆறு வருடமாகப் பள்ளிக்கூடச் சமையலறையில் அண்டா கழுவுகிறாள். அவளுக்கு அந்தக் கடை கிடைக்க வேண்டும் என்று நினைக்கிறவள்தான் நல்ல தோழி. எனக்கோ அவளிடம் பணம் இல்லை என்று கேட்டதும் நிம்மதியாக இருந்தது. வெட்கம்தான். ஆனால் அவள் போய்விட்டால் நான் யாரோடு பேசுவேன் — குன்னரோடா?

பிப்ரவரி 5, ஞாயிறு

கடுங்குளிர். காணிக்கை எண்ணும்போது காப்பி பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. ஆல்மா ஐந்து டாலர் மாற்றிக்கொண்டாள். மீதியை எண்ணிக் கணக்கு எழுதினோம்.

பிப்ரவரி 6, திங்கள்

ஆல்மாவுக்கு விழுந்துவிட்டது.

கோட்டுகூடப் போடாமல் பனியில் இரண்டு வீடு தாண்டி ஓடி வந்தாள். கையில் நோட்டு. அதைக் குன்னரிடம் நீட்டினாள். குன்னர் மூக்குக் கண்ணாடி போட்டு எண்ணை ஒவ்வொன்றாகப் படித்தார், நான் குறித்து வைத்திருந்ததோடு ஒத்துப்பார்த்தார். மறுபடி படித்தார். தொள்ளாயிரம் டாலர்.

நானும் அழுதேன். எதற்கு அழுதேன் என்று என்னை நானே கேட்டுக்கொள்ளப் போவதில்லை.

பிப்ரவரி 7, செவ்வாய்

டிவியில் ஆல்மா. நீலச் சட்டை, அதன்மேல் குத்திய என்னுடைய ப்ரோச். பட் கார்வி பல்லெல்லாம் தெரியக் கேட்டான்: "இந்த நோட்டு எங்க கெடச்சுது மேடம்?"

மளிகைக் கடையில் என்று சொல்லியிருக்கலாம். சம்பளத்தில் வந்தது என்று சொல்லியிருக்கலாம். ஆல்மாவுக்குப் பொய் வராது.

"காணிக்கைத் தட்டுல" என்றாள்.

ஸ்டுடியோவில் எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் வீட்டில் குன்னர் மட்டும் சிரிக்கவில்லை. "போச்சு" என்றார்.

ராத்திரி ஆல்மா போன் செய்தாள். கடையில் கூட்டுச் சேர்வதாக இங்காவிடம் சொல்லிவிட்டாளாம். ஈஸ்டர் முடிந்ததும் ஸ்போக்கேனுக்குக் கிளம்புகிறாளாம்.

பிப்ரவரி 12, ஞாயிறு

காணிக்கை எண்ண விடவில்லை. சபைக் கமிட்டித் தலைவர் எல்மர் டோர்விக் தட்டுகளைத் தானே அலமாரியில் வைத்துப் பூட்டினார். வியாழக்கிழமை கூட்டமாம். நோட்டு சர்ச்சுடையது, பரிசும் சர்ச்சுக்குத்தான் என்கிறார்.

"அஞ்சு டாலர் போட்டுட்டுத்தானே எடுத்தேன்" என்றாள் ஆல்மா.

"போட்டத யாரு பாத்தா?"

"தோரா பாத்தா."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பனிக் காலணியை மாட்டிக்கொண்டிருந்தேன். அதையே மாட்டிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 14, செவ்வாய்

நான் பார்க்கவில்லை. காப்பி பொங்கியபோது அடுப்பின் பக்கம் திரும்பியிருந்தேன். திரும்பி வரும்போது அவள் கையில் ஒற்றை நோட்டுகள் இருந்தன. ஐந்து டாலர் தட்டில் இருந்தது. ஆனால் அன்றைக்கு வேறு சில ஐந்துகளும் விழுந்திருந்தன. தட்டில் முதலில் எவ்வளவு இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

குன்னரிடம் சொன்னேன்.

"பாத்தேன்னு சொல்லிட்டுப் போயேன்."

"பாக்கலியே."

"அவ திருடுவாளா?"

"மாட்டா."

"அப்புறம் என்ன?"

அப்புறம் என்ன — அதுதான் எனக்கும் தெரியவில்லை. ஆண்டவர் முன்னால் பொய் சொல்லக் கூடாது. சரி. ஆனால் போதகர் நைபெர்க்கின் மனைவி சர்ச் விருந்துக்குச் செய்யும் மீன் பண்டத்தைப் பிரமாதம் என்று ஆண்டவர் முன்னால்தான் வருடா வருடம் சொல்கிறேன்.

பிப்ரவரி 16, வியாழன்

எட்டு ஆண்கள், ஆல்மா, நான். எல்மர் சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"தோரா, ஆல்மா அந்த அஞ்சு டாலரத் தட்டுல போட்டத நீ கண்ணால பாத்தியா?"

ஆல்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பதில் என்ன என்று அவளுக்குத் தெரியும். கைப்பையை எடுத்துக் கிளம்பத் தயாராகவே இருந்தாள்.

"காப்பி பொங்கிடுச்சு. நான் அந்தப் பக்கம் திரும்பியிருந்தேன். பாக்கல" என்றேன். "ஆனா அவ போட்டிருப்பா."

அந்த ‘போட்டிருப்பா’ என் காதுக்கே நன்றாக இல்லை.

‘மிஸஸ் எங்ஸ்ட்ராம் பார்க்கவில்லை’ என்று எல்மர் எழுதிக்கொண்டார். போதகர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவர்கள் ஒரு தீர்ப்பும் சொல்லவில்லை. பரிசுப் பணத்தை என்ன செய்வது என்பதை ஆல்மாவின் மனசாட்சிக்கே விட்டுவிடுகிறோம் என்றார்கள். எங்கள் ஊரில் இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

வெளியே வாசலில் பிடித்தேன். "ஆல்மா, பொய் சொல்ல எனக்கு—"

"பொய் சொல்லுன்னு நான் கேக்கலடி. நீ திரும்பியிருந்தது நெசந்தான்" என்றாள். குரல் உயரவே இல்லை. "ஆனா நான் ஊர விட்டுப் போறேன்னு உனக்குத் தெரியாம இருந்திருந்தா, நீ பாத்திருப்ப."

வீட்டுக்கு வந்ததும் குன்னர் கேட்டார்: "போதகர் பத்து டாலர் மாத்தினாரே, அதச் சொன்னியா?"

"இல்ல."

"அதையும் பாக்கலியா?"

பிப்ரவரி 17, வெள்ளி

அவள் சொன்னது பொய் என்று எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை.

பிப்ரவரி 19, ஞாயிறு

ஆல்மா ஆராதனைக்கு வந்தாள். தட்டு வந்தபோது ஒரு உறையைப் போட்டாள். பாட்டு முடியுமுன் எழுந்து போய்விட்டாள்.

எண்ணுவதற்கு இப்போது எல்மரும் நானும். உறையை நான்தான் பிரித்தேன். டிவிக்காரர்கள் கொடுத்த தொள்ளாயிரம் டாலர் செக். பின்னால் சர்ச் பேருக்கு மாற்றி, அவளுடைய குண்டு குண்டான எழுத்தில் கையெழுத்து. ஐந்து டாலர்கூடக் கழித்துக்கொள்ளவில்லை. எல்மர் மெதுவாக விசிலடித்தார். அடுத்த நிமிடமே சர்ச்சைச் சூடாக்கப் புதுக் கொதிகலன் விலை சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அவள் வீட்டுக்குப் போனேன். உள்ளே விளக்கு எரிந்தது. தட்டினேன், கூப்பிட்டேன். விளக்கு அணைந்தது.

மார்ச் 11, ஞாயிறு

புதுக் கொதிகலன் நன்றாக வேலை செய்கிறது. பிரசங்க நேரத்தில் எல்லாரும் கோட்டைக் கழற்றிவிட்டார்கள். ஆல்மா இப்போது எதிர்த் தெருவில் நார்வேக்காரர்களின் சர்ச்சுக்குப் போகிறாள். அங்கே குளிர் எலும்பைத் துளைக்கும் என்று கேள்வி.

ஏப்ரல் 14, சனி

‘அதிர்ஷ்ட டாலர்’ நின்றுவிட்டது. அந்த நேரத்தில் இப்போது வானிலையும் பன்றி விலையும். குன்னர் அதையும் விடாமல் பார்க்கிறார்.

ஸ்போக்கேன் கடையில் இங்கா வேறு யாரையோ கூட்டுச் சேர்த்துக்கொண்டாளாம், முட்டைக்காரி சொன்னாள். ஆல்மா எங்கும் போகவில்லை. இரண்டு வீடு தள்ளி அதே வீடு, அதே பள்ளிக்கூட வேலை.

இன்று மளிகைக் கடையில் மாவு மூட்டைகளுக்கு நடுவே ஒரு சந்தில் எதிரே வந்துவிட்டாள். ஒதுங்க இடமில்லை. இளைத்திருந்தாள். எனக்கு ஆயிரம் சொல்ல இருந்தது. "ஆல்மா" என்றேன்.

"கொஞ்சம் வழி விடுறீங்களா, மிஸஸ் எங்ஸ்ட்ராம்?" என்றாள்.

விட்டேன்.