மேவிஸ் வருகிற நாள்

நம்ம ருடேண்டோவோட அப்பாவுக்கு,

கோயிலுக்குப் போறேன். அடுப்பு மேல கடலைக் கஞ்சி இருக்கு. மாத்திரை தலையணைப் பக்கத்துல. கதவைப் பூட்டல, நீங்க எந்திரிச்சு வரவேண்டாம்.

மேவிஸ் வருவா. ஆமா, அவதான். கட்டின பொண்டாட்டி என்னை விட்டுட்டு ஏழு வருஷம் அவகூட இருந்தீங்க. சீக்குன்னதும் ஹராரேயிலேர்ந்து பஸ் ஏத்தி எங்கிட்ட அனுப்பிட்டா. ஆனா காய்ச்சல்ல அவ பேரைத்தான் சொல்றீங்க. அதான் வரச் சொல்லி ஆளனுப்பினேன்.

பெரிய மனசுக்காரின்னு நெனச்சுக்காதீங்க. ஜெபத்துல ‘நாங்கள் மன்னிக்கிறதுபோல’ன்னு வர்ற எடத்துல எனக்கு இன்னும் வாய் வரமாட்டேங்குது. எல்லாரும் சொல்றாங்க, நான் சும்மா நிக்கிறேன். வாய் சொல்லாததைக் கை செஞ்சா ஆண்டவர் ஏத்துக்குவார்னு நம்பித்தான் போறேன்.

செகாய்

மறந்துட்டேன். சட்ஸா களி மூணு பேருக்குக் கிண்டியிருக்கேன். நான் வர்ற வரைக்கும் அவளை இருக்கச் சொல்லுங்க.