வியாழக்கிழமை உன் பெயர் வரவில்லை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவருடைய கிருபையால் இங்கே எல்லாரும் எழுந்து நடமாடுகிறோம், வேளைக்குச் சாப்பிடுகிறோம், வழக்கம்போல் சண்டையும் போடுகிறோம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே அதே மாதிரி சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், சண்டையை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று சிரிப்பாய். போனில் நான் என்ன பேசுகிறேன், சாப்பிட்டியா, அங்க மழையா, இந்தா அம்மாகிட்ட குடுக்கிறேன், அவ்வளவுதான். அதற்கு மேல் வாயெடுப்பதற்குள் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள். போன வாரம் தம்பி கல்யாணத்துக்கு எப்போது வருகிறாய் என்று கேட்டதற்கு, பார்க்கலாம்ப்பா என்றாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று சொல்லியிருந்தால் உன் மேலதிகாரியை நாலு திட்டுத் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன். பார்க்கலாம் என்றால் நான் யாரைத் திட்டுவது?

கடையில் கை ஓடவில்லை. ரிப்பேருக்கு வந்த ஒரு தையல் மெஷினைப் பிரித்துப் போட்டுவிட்டு எந்தத் திருகு எங்கே என்று முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யூனிபார்ம் தைக்கிற அம்மாவின் மெஷினை வேறொருவருக்குக் கொடுத்தனுப்பிவிட்டு இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். உன் தம்பிக்கு இதெல்லாம் கண்ணிலேயே படவில்லை. கட்டிக்கொள்ளப் போகிற பெண் மருந்துக்கடையில் வேலை செய்வது அவனுக்கு வசதியாகப் போய்விட்டது, ஒரு தும்மல் வந்தால்கூடப் போன் போட்டு மாத்திரை கேட்கிறான். நல்ல பெண், வாய்விட்டுச் சிரிக்கிறாள். அக்கா எப்ப வர்றாங்க மாமா என்று கேட்டாள். நானும் பார்க்கலாம்மா என்று சொல்லிவைத்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன், சுற்றி வளைத்தது போதும். இந்த வியாழக்கிழமை ஜெபக்கூட்டம் நம் வீட்டில். கட்டிலைத் தூக்கிச் சுவரோடு நிறுத்தி, பாய் விரித்து, மாடி வீட்டிலிருந்து நாற்காலி கடன் வாங்கி, வாசல் முழுக்கச் செருப்பு, எல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். பாட்டு முடிந்து ஜெபக் குறிப்புச் சொல்லுகிற நேரம். முதலில் நோயாளிகள், அப்புறம் வேலையில்லாதவர்கள், பரீட்சைப் பிள்ளைகள், அதற்கப்புறம் நீ. உனக்குக் கல்யாணமான மறுவருஷத்திலிருந்து அந்த வரிசை மாறவில்லை. உன் பெயரைச் சொல்லி, இந்த மகளுக்குக் கர்ப்பத்தின் கனியைத் தாரும் ஆண்டவரே என்று ஒருவர் ஆரம்பிப்பார், நம் ஆமென் அண்ணன் வாக்கியம் முடிவதற்குள் ஆமென் போட்டுவிடுவார், உன் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைப்பாள். இந்தத் தடவை போதகர் கையைக் காட்டி எல்லாரையும் நிறுத்தினார். உன் அம்மாவைப் பார்த்து, அக்கா உங்க மக எனக்குப் போன் பண்ணியிருந்தாங்க, தன் பேரைச் சொல்லிக் குழந்தைக்காக ஜெபிக்க வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க, ரொம்ப மரியாதையாதான் சொன்னாங்க என்றார். அவரும் உன்னைவிட இரண்டு மூன்று வயது மூத்த பையன்தானே, சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது.

உன் அம்மாவின் முகத்தை நீ பார்க்காததே நல்லது. என் மகளுக்காக நான் ஜெபிக்கக் கூடாதா, அதையும் என்கிட்ட சொல்லாம ஊருக்குச் சொல்லணுமா என்று ஆரம்பித்தாள். அவளுக்குச் சமாதானம் சொல்கிறோம் என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருவர், பேரைச் சொல்லாம ஒரு சகோதரின்னு சொல்லிக்கலாமே என்றார். இன்னொருவர், இங்க அந்த ஒரு சகோதரி யாருன்னு தெரியாதவங்க யாரு இருக்கா என்றார். ஆமென் அண்ணன் ரொம்ப யோசித்து, அப்ப மாப்பிள்ளை பேரைச் சொல்லி ஜெபிக்கலாமா, அவர் வேண்டாம்னு சொல்லலியே என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. நீ போன தடவை லீவில் வந்திருந்தபோது உன்னை நடுவில் உட்காரவைத்துச் சுற்றி நின்று தலையில் கை வைத்தார்களே, ஒரு அம்மா வயிற்றிலேயே கை வைத்தார்களே, அது என் கண்ணுக்குள் வந்தது. மறுநாளே ஆபீஸில் அவசரமாகக் கூப்பிடுகிறார்கள் என்று பெட்டியைக் கட்டினாய். யாரும் கூப்பிடவில்லை என்று எனக்குத் தெரியும் அம்மாடி.

அப்போதுதான் பேக்கரி அக்கா வாயைத் திறந்தாள். உனக்குத்தான் தெரியுமே, மீந்த பன் எல்லாம் மூட்டையாய்க் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, போதகர் பிரசங்கம் மாதிரி கொஞ்சம் காய்ஞ்சுதான் இருக்கும் என்று அவர் முன்னாலேயே சொல்லுவாள், அந்த அக்காதான். அந்தப் பொண்ணு செஞ்சது சரி என்றாள். சிரிக்காமல் சொன்னாள். எனக்காகவும் இப்படித்தான் வாராவாரம் கேட்டீங்க, வியாழக்கிழமை வந்தாலே என் வீட்டுக்காரர் கடையை விட்டு வரமாட்டேன்னு அங்கேயே உட்கார்ந்துக்குவார். அப்புறம் ஒரு வாரம் என் பேர் வரல. மறந்துட்டீங்க போலன்னு நினைச்சேன். அடுத்த வாரமும் வரல. இவளுக்கு இனிமே ஆகாதுன்னு நீங்களே முடிவு பண்ணி விட்டுட்டீங்க. ஆண்டவர்கிட்ட கேட்டீங்களா, என்கிட்ட கேட்டீங்களா? ஜெபிச்சப்ப வலிச்சதைவிட நிறுத்தினப்பதான் ரொம்ப வலிச்சது. அவளாவது தன் வாயால நிறுத்தச் சொன்னா. இவ்வளவும் சொல்லிவிட்டுப் பன் மூட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

யார் எந்த வாரம் நிறுத்தினார்கள் என்று எங்களில் யாருக்கும் நினைவில்லை, அதுதான் கொடுமை. உன் அம்மா அழுகையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். போதகர், கொஞ்ச நேரம் அமைதியா இருப்போம் என்றார். நம் கூட்டத்துக்கு அமைதி என்றால் என்னவென்று தெரியுமா? பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடுவது அன்றைக்குத்தான் கேட்டது. நான் ஜெபக்கூட்டத்தில் வாயைத் திறக்காதவன், என் முறை வந்தால் பக்கத்தில் இருப்பவரை இடித்துவிட்டுக் குனிந்துகொள்கிறவன். என்னமோ தெரியவில்லை, அந்த அமைதியைத் தாங்க முடியாமல், ஆண்டவரே எனக்குப் பிள்ளையைத் தாரும் என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. ஆமென் அண்ணன் பழக்கதோஷத்தில் ஆமென் போட்டுவிட்டுப் பாதியில் விழுங்கினார். உன் அம்மா என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளி, இப்பதானே படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க, உங்களுக்குக் காது கேக்கலியா என்று முணுமுணுத்தாள். நான் கண்ணைத் திறக்கவில்லை. நான் பேரப்பிள்ளையைக் கேட்கல ஆண்டவரே, என் பிள்ளையைக் கேட்கிறேன், எனக்கு ஒரு மக இருக்கா, அவ எங்க வீட்டுக்கு வரவே பயப்படுறா, அவளைத் தாரும் என்றேன். அதற்கு மேல் வரவில்லை. அதற்கு யாரும் ஆமென் சொல்லவும் இல்லை. பன் கொடுக்கக்கூட மறந்து எல்லாரும் கலைந்து போனார்கள்.

இப்போது எனக்கு வேறு கவலை பிடித்துக்கொண்டது. நீ வேண்டாம் என்று சொன்னது தெரிந்த அன்றைக்கே உன்னை நடு வீட்டில் வைத்துப் பேசிவிட்டேனே, பெயரைச் சொல்லவில்லையே தவிர வேறென்ன பாக்கி வைத்தேன்? தப்பென்றால் திட்டு, ஆனால் நேரில் வந்து திட்டு. அம்மா மறுநாள் பேக்கரி அக்கா வீட்டுக்குத் தனியாகப் போனாள், பொழுது சாய்ந்துதான் வந்தாள். என்ன பேசினீர்கள் என்று கேட்டதற்கு உங்களுக்குச் சொல்றதுக்கில்ல என்றுவிட்டாள், அன்றைக்குக் குழம்பில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டாள். அவள் மனதுக்குள் உனக்காக எதையும் கேட்டுக்கொள்வாளாம், அதைத் தடுக்க எவனாலும் முடியாதாம். அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது, நீயும்தான். ஆனால் வெளியே ஒருவரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள், போதகரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். கல்யாணத்தன்று ஜெபிக்கிறேன் பேர்வழி என்று யாராவது உன் தலைப் பக்கம் கையைத் தூக்கினால் என் தலையை நடுவில் நீட்டிவிடுவேன், ஆசீர்வாதம் எனக்குத்தான் வேண்டும், முடி கொட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல்லிக்கொள்கிறேன். மாப்பிள்ளையிடம் இதையெல்லாம் நீயே பக்குவமாகச் சொல். அவர்மேல் எரிந்து விழாதே, போன தடவை உன் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தவர்தான் அவரும். வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, கழுத்து வலிக்கு ஒரு டாக்டரைப் பார். டிக்கெட்டைச் சீக்கிரம் எடு, மாப்பிள்ளையின் சட்டை அளவை அனுப்பு, உன் தம்பி எல்லாருக்கும் ஒரே நிறத்தில் தைக்கப் போகிறானாம், அவனைத் தடுக்கவாவது வா.

ஆண்டவர் உனக்குக் கர்ப்பத்தின் கனியைத் தந்து ஆசீர்வதிப்பாராக என்று எழுதித்தான் எனக்குக் கடிதத்தை முடிக்கத் தெரியும், இந்தத் தாளிலும் பாதி எழுதிவிட்டு அடித்திருக்கிறேன், மேலே தெரியும் பார். ஆண்டவர் உன்னை ஆசீர்வதிப்பாராக. உன்னைத்தான். உனக்குப் பின்னால் யாரும் வரவில்லை என்றாலும் எனக்குக் குறைவில்லை, நீ வரவில்லை என்றால்தான் குறை.

பதில் வரும்வரை ஒரு வேலையும் ஓடாமல் இருக்கும்
உன் அப்பா