அப்பா பாரீசில் பார்த்த விண்கலம்

ஜூலை 3, வியாழன்

காலையிலேயே புழுக்கம். கரண்ட் வேற போச்சு. இன்னைக்குப் பிரெஞ்சுல மொழிபெயர்க்க வேண்டியது: பிறப்புச் சான்று ரெண்டு, கல்யாணப் பதிவு ஒண்ணு. ஒரே ஆளோட பேரு மூணு விதமா இருக்கு. எழுதின குமாஸ்தாவுக்கு இன்னேரம் சிலை வெச்சிருப்பாங்க.

மதியம் அப்பாவை ஞாபக மறதி டாக்டர்கிட்ட கூட்டிப் போனோம். ஏற்பாடு ஜோசப் அண்ணன். பாரீசுலேருந்து அண்ணியோட வக்கான்ஸுக்கு, அதான் லீவுக்கு, வந்திருக்கான். போன வருஷம் வரைக்கும் அப்பா இருக்காரா போயிட்டாரான்னு ஒரு போன் போடாதவன். இப்ப திடீர்னு அவரோட மூளை மேல அக்கறை. காரணத்தை மறைக்கக்கூட இல்ல, சாப்பாட்டு மேசையிலேயே சொன்னான். அப்பாவுக்குப் புத்தி தெளிவா இல்லன்னு டாக்டர் எழுதிக் குடுத்தா அவருக்குப் பதிலா இவன் கையெழுத்துப் போடலாம். நெல்லித்தோப்பு வீட்டை வித்துடலாம். அந்த வீட்டுலதான் அப்பாவும் நானும் இருக்கோம். அதுக்கென்ன? "நீ சின்னதா ஒரு ஃப்ளாட் பாத்துக்கயேன், தெரேஸ்."

டாக்டர் கேட்டதுக்கெல்லாம் அப்பா சரியா பதில் சொன்னாரு. கிழமை, வருஷம், வீட்டு விலாசம். நூறுலேருந்து ஏழு ஏழா கழிக்கறதுல என்னைவிட வேகம். கடைசியா டாக்டர் சும்மா கேட்டாரு: "பாரீசுல இருந்தீங்களாமே. என்னெல்லாம் பாத்தீங்க?"

"அப்பல்லோ பதிமூணு."

"என்னது?"

"நிலாவுக்குப் போறப்ப வழியில டாங்க் வெடிச்சு, எறங்காமலே திரும்பி வந்துச்சே. மூணு பேரு உசுரு பொழச்ச கூடு. லெ புர்ஜே மிய்சேல, விமான மியூசியம், கிட்டப் போயி பாத்தேன். உள்ள ஒண்ணும் இல்ல. நாற்காலிகூட இல்ல."

டாக்டர் போனைத் தடவினாரு. அந்தக் கூடு அமெரிக்காவுல, கன்சாஸ்ல இருக்காம். அண்ணனைப் பாத்துத் தலையாட்டினாரு. அண்ணன் மூஞ்சியை சோகமா வெச்சுக்கிட்டான். நல்லா வருது அவனுக்கு.

"நெனப்பும் கற்பனையும் கலந்துபோச்சு. ஸ்கேன் எடுத்துடுங்க. அடுத்த வெள்ளி வாங்க, எழுதித் தரேன்."

ஜூலை 5, சனி

வெயில். தண்ணி லாரி சத்தம். காபித்தூள் தீந்துபோச்சு. அண்ணி ஒரு நாளைக்கு நாலு தடவை குடிச்சா தீராதா.

அப்பா பொய்யர். இதுல எனக்குச் சந்தேகமே கிடையாது. பிரெஞ்சு ராணுவத்துல சாதா சொல்தா, அப்புறம் பாரீஸ் பக்கத்துல ஏதோ கிடங்குல வேலை. அம்மாவும் நாங்க ரெண்டு பேரும் இங்க. லீவுக்கு வந்தா பெட்டியில சாக்லேட் ஒரு பங்கு, பொய் மூணு பங்கு. ஜெனரல் இவரைக் கேக்காம ஒரு அடி எடுத்து வெக்க மாட்டாராம். பனியில ஓநாயை பூட்ஸாலயே ஒதச்சுத் தொரத்தினாராம்.

ஆனா பொய் சொல்றவனுக்கு ஞாபகம் இருந்தே ஆகணும். யார்கிட்ட என்ன சொன்னோம்னு வெச்சுக்கணும். அந்த ஓநாய் கதையை நான் சின்னப் புள்ளையிலேருந்து கேக்கறேன், இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை மாறல. பொய்க்கும் மறதிக்கும் வித்தியாசம் தெரியாத டாக்டர். சுவர் முழுக்கப் பட்டம்.

இது பொய்தான்னு காட்டிட்டா போதும். வேணும்னே சொன்ன பொய்யின்னா புத்தி சரியா இருக்குன்னுதானே அர்த்தம்?

ஜூலை 6, ஞாயிறு

பூசைக்குப் போகல. உக்காந்து விண்கலம் தேடினேன். எதெது எங்க இருக்கு, இன்னைக்கு:

நிலாவுல மொதமொதல்ல எறங்கினவங்க திரும்பி வந்த கூடு, வாஷிங்டன்.
அப்பல்லோ 8, சிகாகோ. அப். 9, சான் டியேகோ.
அப். 10, லண்டன்! (லண்டன் எங்க, பாரீஸ் எங்க. அப்பா லண்டன் போனதே இல்ல. போயிருந்தா ராணி கூட டீ குடிச்சிருப்பாரு.)
மொதல் மனுஷன் போன ரஷ்ய உருண்டை, மாஸ்கோ.
நம்ம ஆளு பூமிக்குத் திரும்பின சோயுஸ், டெல்லி, ஒரு கோளரங்கத்துல. படத்துல பாத்தா கரி புடிச்ச இட்லிக் குண்டான்.
அப். 13, கன்சாஸ். எல்லாப் பக்கத்துலயும் அதே. ஒருத்தன் எழுதினதை இன்னொருத்தன் காப்பி அடிச்சிருக்கான், எழுத்துப் பிழையோட.

அண்ணன் பின்னாலேருந்து எட்டிப் பாத்தான். "நான் அங்கயே இருக்கேன், எனக்குத் தெரியாதா? லெ புர்ஜேல இருக்கறது ரஷ்யக் கூடு. பிரெஞ்சுக்காரன் ஒருத்தன் போயிட்டு வந்தது. அதைப் பாத்துட்டுதான் கெழவரு ஒளர்றாரு."

"நீ போயி பாத்திருக்கியா?"

"எனக்கு எங்க நேரம்?"

வராண்டாவுல அண்ணி போன்ல: "கொசு, வெயிலு, கரண்ட் இல்ல. இதுல ராக்கெட் வேற."

அவன் சொன்னதைத் தேடிப் பாத்தேன். ரஷ்யக் கூடு அங்க இருக்கறது நெசம். இதைப் பாத்துட்டு அதுன்னு நெனச்சிருந்தாருன்னா அது பொய் இல்ல. டாக்டர் சொன்னதுதான் சரி. மொதல் தடவையா பயமா இருந்துச்சு.

ஜூலை 8, செவ்வாய்

தூறல். கொடியில இருந்த துணியெல்லாம் நனஞ்சுபோச்சு.

கெடைச்சிடுச்சு.

இன்னைக்கு எங்க இருக்குன்னுதான் எல்லாரும் எழுதறான். முன்னே எங்க இருந்துச்சுன்னு கேக்க எவனுக்கும் தோணல, எனக்கும்தான். பிரெஞ்சுல பழைய போட்டோ தேடினதும் வந்துச்சு. டாங்க் வெடிச்சதை விசாரிக்கறப்ப கூட்டுக்கு உள்ள இருந்த சாமானை எல்லாம் கழட்டிட்டாங்க. சாமான் ஒரு ஊருக்கு. வெறும் கூடு பாரீசுக்கு. லெ புர்ஜேல வருஷக்கணக்கா கெடந்திருக்கு. அப்புறம்தான் கன்சாஸ்காரங்க கேட்டு வாங்கி, ஒவ்வொரு சாமானா தேடிப் புடிச்சு மறுபடி மாட்டியிருக்காங்க.

உள்ள ஒண்ணும் இல்ல. நாற்காலிகூட இல்ல. அப்படியேதான் சொன்னாரு.

வாழ்க்கையில ஒரு உண்மை சொல்லியிருக்காரு. அதுக்கு நான் மூணு நாள் கண்ணு வலிக்கத் தேட வேண்டியிருக்கு.

போட்டோவைக் காட்டினேன். கண்ணாடியைத் தொடச்சுப் போட்டுக்கிட்டாரு.

"இதான். இந்தப் பக்கமா நின்னோம். இவெத்துக்கு எட்டல. தூக்கிக் காட்டினேன்."

"இவெத்து யாரு, கொழந்தையா?"

"கொழந்தையா! நாப்பது வயசு பொம்பள. குள்ளம்." நாக்கைக்கூட கடிச்சுக்கல. "ஞாயித்துக்கிழமைன்னா அவ வீட்டுலதான் சாப்பாடு. சாப்ட்டுட்டு எங்கயாவது போவோம்."

அதே ஞாயித்துக்கிழமைங்கள்ல அம்மா எங்களை இழுத்துக்கிட்டுக் கோயிலுக்குப் போவா. அப்பா நல்லா இருக்கணும்னு மெழுகுவத்தி ஏத்துவா. குளிர்ல தனியா கஷ்டப்படறாராம்.

ஜூலை 9, புதன்

வேலை ஓடல. அப்பாகிட்ட பேசல. தட்டை டொக்குன்னு வெச்சேன். "உப்பு கம்மி"ன்னாரு. எழுந்திரிச்சுப் போயிட்டேன்.

இந்த ஆளுக்காகவா? அண்ணன் சான்று வாங்கிட்டுப் போகட்டும். இவரு ஏதாவது முதியோர் இல்லத்துல உக்காந்து இவெத்து கதை சொல்லிக்கிட்டு இருக்கட்டும். காலையில பூரா இதே நெனப்பு.

சாயங்காலம் அண்ணி: "நாளைக்கு வீடு பாக்க ப்ரோக்கர் வராரு. ஹால்ல இருக்கற மாதா படத்தை எறக்கிடலாமா? ரொம்பப் பழசா, கறுத்துப்போயி இருக்கு."

அது அம்மா மாட்டின படம்.

"தொட்டுப் பாருங்க"ன்னேன். தொடல.

போட்டோவையும் அந்தப் பக்கத்தையும் பிரின்ட் எடுத்துட்டு வந்தேன்.

ஜூலை 11, வெள்ளி

அனல் காத்து. டாக்டர் ஒரு மணி நேரம் காக்க வெச்சாரு. உள்ள போனதும் பிரின்டை மேசை மேல வெச்சேன். ஒரு வரி விடாம தமிழ்ல சொன்னேன். போட்டோவை இப்படியும் அப்படியும் திருப்பிப் பாத்தாரு.

"ஓ. இன்ட்ரெஸ்டிங்."

மன்னிப்பு அவ்வளவுதான்.

ஸ்கேனும் வயசுக்கு நல்லாத்தான் இருக்காம். "என்னால எழுதித் தர முடியாது சார்"னு அண்ணன்கிட்ட சொன்னாரு.

"ஒண்ணு சரியா சொல்லிட்டா போதுமா?"ன்னான் அண்ணன். குரல் ஏறிப்போச்சு. அப்பா திரும்பி அவனைப் பாத்தாரு.

"உன் கல்யாணத்துக்கு உன் மாமனாரு போடறேன்னு சொல்லிட்டுப் போடாத நகையெல்லாம் வரிசையா சொல்லட்டுமா?"

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கிட்டாரு. அண்ணி அடக்கிக்கல, அழுதா.

வெளிய வந்ததும் அண்ணன் என்கிட்ட: "நீ வீட்டுக்காகத்தானே இதெல்லாம் பண்றே?"

"ஆமா. நீ எதுக்காகப் பண்றே?"

ரெண்டு பேரும் பெட்டியைக் கட்டிக்கிட்டு பீச் ரோட்டுப் பக்கம் ஓட்டலுக்குப் போயிட்டாங்க. கடல் தெரியற ரூம் கேட்டிருப்பான்.

ஆறு மணிக்கு அப்பாவுக்குக் காபி குடுத்தேன். கேக்க வேணாம்னுதான் இருந்தேன்.

"இவெத்து விஷயம் அம்மாவுக்குத் தெரியுமா?"

"சொன்னேனே."

"என்ன சொன்னீங்க?"

"எல்லாந்தான். லீவுல வந்தப்ப. இவெத்தைக் கூட்டிக்கிட்டுப் போனது, அந்தக் கூட்டைப் பாத்தது, அவளைத் தூக்கிக் காட்டினது. ஒண்ணும் மறைக்கல."

"அம்மா என்ன சொன்னா?"

"சிரிச்சா. நெலாவுக்குப் போன கப்பலுக்கு பாரீசுல என்ன வேலை, நல்லா புளுகறீங்கன்னுட்டு, மீனு ஆயப் போயிட்டா."